போர்க்கால பிரிட்டனும் சர் ஜான் ஆண்டர்சனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் என்றதும் சர்ச்சிலின் பேச்சுகள் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் குண்டு விழும் ஊர்களில் மக்கள் எங்கே படுத்தார்கள், யாரைச் சிறையில் வைத்தார்கள், தொழிற்சாலைக்கு ஆள் எப்படிப் பிரித்தார்கள், வரி எப்படி வசூலித்தார்கள் என்ற கேள்விகளுக்குப் போனால் சர் ஜான் ஆண்டர்சன் என்ற ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அவரைப் பற்றியும் அவர் கையாண்ட உள்நாட்டு விவகாரங்கள் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்த ஜான் ஆண்டர்சன்?

1882இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ஜெர்மனியின் லைப்சிக்கில் யுரேனியத்தின் வேதியியலைப் படித்தார். 1905இல் அரசுப் பணிக்கு வந்தார். 1922 முதல் 1932 வரை பிரிட்டிஷ் உள்துறையின் தலைமை அதிகாரி, அடுத்த ஐந்து ஆண்டுகள் வங்காள ஆளுநர். 1938இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அதன்பின் வகித்த பதவிகள் இவை: 1938 அக்டோபர் கடைசியிலிருந்து லார்டு பிரிவி சீல் (பெயர்தான் பழையது, வேலை வான்தாக்குதல் தற்காப்பு), 1939 செப்டம்பர் முதல் 1940 அக்டோபர் வரை உள்துறை அமைச்சரும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரும், பிறகு 1943 செப்டம்பர் வரை லார்டு பிரசிடென்ட் (உள்நாட்டுப் பொருளாதார விவகாரங்களை ஒருங்கிணைக்கும் மூத்த அமைச்சர்), பிறகு 1945 ஜூலை வரை நிதியமைச்சர். அணுகுண்டு ஆராய்ச்சியின் பிரிட்டிஷ் பகுதிக்கும் அமைச்சரவையில் அவர்தான் பொறுப்பு. யுரேனியம் படித்த அமைச்சர் வேறு யாரும் இல்லை.

எந்தக் கட்சி?

எந்தக் கட்சியிலும் இல்லை. பல கட்சிகள் சேர்ந்து நடத்திய ‘தேசிய அரசை’ ஆதரிக்கும் சுயேச்சை. அவர் ஜெயித்த தொகுதியும் வித்தியாசமானது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. பட்டதாரிகள் தங்கள் ஊர்த் தொகுதியில் போடும் ஓட்டு போக இன்னொரு ஓட்டை அங்கே போடலாம். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் உறுப்பினராக இருந்த முன்னாள் பிரதமர் ராம்சே மக்டொனால்டு 1937 நவம்பரில் இறந்தார். அந்த இடத்துக்கு 1938 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் ஆண்டர்சன் வந்தார்.

இதைச் சின்ன விவரம் என்று தள்ள முடியாது. வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்டுப் பழகாதவர் அவர். அவருடைய பலமும் பலவீனமும் இங்கிருந்தே வருகின்றன. கோப்பை எடுத்தால் முடிக்காமல் வைக்கமாட்டார். ஆனால் கிழக்கு லண்டனில் ஒரு குடும்பம் ராத்திரி எங்கே ஒதுங்கும் என்பது கோப்பில் எழுதியிராவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

ஆண்டர்சன் ஷெல்டரை வடிவமைத்தது அவரா?

இல்லை. வீட்டுத் தோட்டத்தில் பாதி புதைத்து வைக்கும் இந்தத் தகட்டுக் காப்பறையை 1938இல் அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் வில்லியம் பேட்டர்சன் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளி ஆஸ்கர் கெரிசனும் வடிவமைத்தார்கள். சிவில் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த மூவர் அதைப் பரிசோதித்து ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பெயரும் ஆண்டர்சன், டேவிட் ஆண்டர்சன். ஷெல்டருக்குப் பெயர் வந்தது அமைச்சராலா, பொறியாளராலா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. மக்களைப் பொறுத்தவரை அது அமைச்சர் பெயர்தான்.

முதல் ஷெல்டர் 1939 பிப்ரவரி 25 அன்று லண்டன் இஸ்லிங்டனில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வந்து இறங்கியது. போர் தொடங்குவதற்குள் ஏறக்குறைய 15 லட்சம், போர் நடக்கும்போது இன்னும் சுமார் 21 லட்சம் வழங்கப்பட்டன. ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுண்டு.

அதை எப்படி நிறுத்துவார்கள்?

வீட்டுக்கு வருவது பிரித்த தகடுகள்தான். துத்தநாகம் பூசிய நெளிவு எஃகுத் தகடு, 14 கேஜ், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் கனம். வளைந்த தகடுகள் 6, இரண்டு முனைக்கும் நேரான தகடுகள், அடியில் வைக்கும் சட்டம், போல்ட், நட், ஒரு ஸ்பேனர். நிறுத்தி முடித்தபின் உள்ளே 6.5 அடி நீளம், 4.5 அடி அகலம், 6 அடி உயரம். ஆறு பேருக்கு என்று கணக்கு.

முதலில் குழி. 4 அடி ஆழம். நீள அகலத்தில் ஷெல்டரின் அளவைவிடக் கூடுதலாக வெட்ட வேண்டும், பக்கவாட்டில் போல்ட் முடுக்கக் கைபோக இடம் வேண்டுமே. குழியின் அடி மட்டமாக இருப்பது முக்கியம். அங்கே சட்டம் சாய்ந்தால் மேலே தகடுகளின் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேர் வராது. பலர் தடுமாறியது இந்த இடத்தில்தான். அடிச்சட்டத்தை வைத்து, பக்கத்துக்கு மூன்றாக வளைந்த தகடுகளை அதில் ஊன்றி, உச்சியில் ஒன்றோடொன்று சேர்த்து போல்ட் போட வேண்டும். எல்லா போல்டையும் மாட்டும்வரை எதையும் இறுக முடுக்கக் கூடாது. முதலிலேயே முடுக்கிவிட்டால் கடைசித் தகடு உட்காராது. பிறகு முனைத் தகடுகள். முன்பக்கத்தில் குனிந்து இறங்க ஒரு வாசல். பின்பக்கத் தகட்டை உள்ளிருந்தே ஸ்பேனரால் கழற்றலாம். முன்வாசல் இடிபாட்டில் அடைபட்டால் வெளியேற அது வழி. ஆகவே ஸ்பேனர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும், கொட்டகையில் அல்ல.

கடைசியாக, தோண்டிய மண்ணை மேலே போட்டு மூட வேண்டும். உச்சியில் குறைந்தது 15 அங்குலம் மண் இருந்தே ஆகவேண்டும். குண்டுச் சிதறலைத் தாங்குவது பெரும்பாலும் இந்த மண்தான். தகட்டின் வேலை மண்ணைச் சுமப்பதும், அதிர்வில் முறியாமல் நெளிந்து கொடுப்பதும். வாசலுக்கு எதிரே வீட்டுச் சுவர் பக்கத்தில் இல்லையென்றால் மண்ணாலோ மணல்மூட்டையாலோ ஒரு தடுப்பு எழுப்ப வேண்டும். மேல்மண்ணில் பலர் கீரையும் பூசணியும் போட்டார்கள். வேர் பிடித்தால் மழையில் மண் சரியாது என்பதால் அது வெறும் அழகுக்கு மட்டுமல்ல.

அப்படியானால் நல்ல ஏற்பாடுதானே? ஏன் திட்டினார்கள்?

பொறியியலைக் குறைசொல்ல இடமில்லை. மேலேயே விழுந்த குண்டைத் தவிர, பக்கத்தில் விழுந்தவற்றிலிருந்து அது காப்பாற்றியது. சிக்கல் இரண்டு.

ஒன்று தண்ணீர். லண்டன் களிமண்ணில் 4 அடி குழி வெட்டினால் அது கிணறாகிவிடும். தண்ணீர் வடிய வழி வைக்காமல் ஷெல்டரை மட்டும் கொடுத்தார்கள். காலையில் வாளியால் இறைத்துவிட்டு மாலையில் போனால் திரும்ப முழங்கால் அளவு நிற்கும். பிற்பாடு நகராட்சிகள் தரையில் ஒரு மூலையில் நீர் சேரும் குழி வைத்தும், உள்ளே கான்கிரீட் பூசியும் சரிசெய்தன. இந்தச் செலவு முதல் திட்டத்தில் இல்லை.

இரண்டாவது அடிப்படையான தவறு. பகலில் சில நிமிடங்கள், அதிகம் போனால் ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குதல் நடக்கும் என்று நினைத்துப் போட்ட திட்டம் இது. உட்கார இடம் போதும் என்று நினைத்தார்கள். 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் ராத்திரி முழுக்க, அதுவும் தினமும் வந்தன. தூங்க வேண்டிய இடமாக அது மாறியபோது, ஈரமும் குளிரும் இருட்டும் உள்ள தகட்டுப் பெட்டிக்குள் ஆறு பேர் படுக்க முடியாது.

தோட்டம் இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

இதுதான் பெரிய ஓட்டை. அதிகம் குண்டு விழக்கூடிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில்தான் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே தோட்டம் ஏது? அவர்களுக்காகத் தெருவிலேயே செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாகப் பொதுக் காப்பறைகள் கட்டினார்கள். 1940இல் சிமென்ட் தட்டுப்பாடு. சிமென்டைச் சிக்கனமாகச் சேர்க்கச் சொல்லி வந்த அரசு அறிவுறுத்தல் தெளிவாக இல்லை. பல ஊர்களில் சிமென்டே இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் கலவையில் சுவரைக் கட்டிவிட்டார்கள். குண்டு பக்கத்தில் விழுந்ததும் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு போகும், கூரை அப்படியே கீழே உட்காரும். இந்தச் செய்தி பரவியபின் நன்றாகக் கட்டியவற்றுக்குள்கூட மக்கள் போகவில்லை.

வீட்டுக்குள் வைக்கும் ஷெல்டர் 1941 மார்ச்சில்தான் வந்தது. ஆண்டர்சனுக்குப் பின் உள்துறைக்கு வந்த ஹெர்பர்ட் மாரிசனின் பெயரில் அது வழங்கும். வடிவமைத்தவர் பேராசிரியர் ஜான் பேக்கர். 6.5 அடிக்கு 4 அடி, உயரம் 2.5 அடி. மேலே எஃகுப் பலகை, பக்கங்களில் கம்பிவலை. பகலில் சாப்பாட்டு மேசை, ராத்திரி கீழே படுக்கை. 359 உதிரி பாகங்களும் மூன்று கருவிகளும் வரும். வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். 1941 முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். வீடு இடிந்து மேலே விழுந்தால் மாடியின் எடையை எப்படித் தாங்குவது என்பதைக் கணக்கிட்டு, பெட்டி சற்றே நசுங்கி அந்த வேகத்தை விழுங்கும்படி பேக்கர் அமைத்திருந்தார். இரண்டில் இதுவே மேலான யோசனை.

சுரங்க ரயில் நிலையங்களைத் திறந்துவிட ஏன் மறுத்தார்கள்?

ஆழமான காப்பறைகள் வேண்டும் என்று 1938 முதலே உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் பேசிவந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சை நேரில் பார்த்தவர் அவர். பின்ஸ்பரி நகராட்சி டெக்டன் கட்டிடக் கலைஞர்களை வைத்து வரைபடமே போட்டது. இந்தியாவில் ஆளுநராக இருந்த ஹெய்லி பிரபுவின் தலைமையில் அமைந்த ஒரு குழுவிடம் ஆண்டர்சன் கருத்துக் கேட்டார். 1939 ஏப்ரலில் ஆழமான காப்பறைகள் வேண்டாம் என்று முடிவானது.

காரணங்கள் மூன்று. எஃகும் ஆளும் காலமும் போதாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டால் அங்கே ஒரு விபத்து பேரழிவாகும். மூன்றாவது, பூமிக்கடியில் போனவர்கள் வெளியே வரமாட்டார்கள், வேலை நின்றுவிடும் என்ற பயம். முதல் இரண்டும் கணக்கு. மூன்றாவது, மக்களைப் பார்த்து அதிகாரிகளுக்கு இருந்த அவநம்பிக்கை, அது பொய்த்தது. ராத்திரி சுரங்கத்தில் தூங்கியவர்கள் காலையில் வேலைக்குத்தான் போனார்கள்.

1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது பெரும் தாக்குதல் தொடங்கியது. சுரங்க நிலையங்களைக் காப்பறையாகப் பயன்படுத்தத் தடை இருந்தது. மக்கள் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நடைமேடையிலேயே படுத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவரை எப்படித் துரத்துவது? தடை தானாகவே செத்தது. செப்டம்பர் 27 இரவில் மட்டும் 1,77,000 பேர் அங்கே தூங்கினார்கள். இருந்தும் நவம்பர் தொடக்கத்தில் லண்டனில் எடுத்த கணக்கு வேறு படத்தைக் காட்டியது: சுரங்கத்தில் 4 சதவீதம், பொதுக் காப்பறைகளில் 9 சதவீதம், வீட்டு ஷெல்டர்களில் 27 சதவீதம். மீதிப்பேர் தங்கள் வீட்டிலேயே, மாடிப்படிக்குக் கீழேயோ கட்டிலிலோ படுத்திருந்தார்கள்.

கூட்டம் பற்றிய ஆண்டர்சனின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1943 மார்ச் 3 அன்று பெத்னல் கிரீன் சுரங்க நிலையப் படிக்கட்டில் 173 பேர் நசுங்கி இறந்தார்கள். அங்கே ஒரு குண்டும் விழவில்லை. ஒரே வாசல், மங்கிய விளக்கு, படிகளின் நடுவே பிடிமானக் கம்பி இல்லை. ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் நிற்க முடியவில்லை.

அதற்காகத்தான் அவரை உள்துறையிலிருந்து மாற்றினார்களா?

பெருமளவு ஆம். 1940 அக்டோபர் தொடக்கத்தில் ஹெர்பர்ட் மாரிசன் வந்தார். லண்டன் கவுன்சிலை நடத்திய தொழிற்கட்சிக்காரர், அந்த நகரத்துத் தெருக்கள் தெரிந்தவர். காப்பறைகளில் கட்டில், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் வேகமாக வந்தன. நாடாளுமன்றச் செயலராக இருந்த எல்லன் வில்கின்சன் ராத்திரி ராத்திரியாகப் போய்ப் பார்த்தார். ஆண்டர்சனை வெளியேற்றவில்லை; லார்டு பிரசிடென்டாக்கிப் போர்க்கால அமைச்சரவைக்கே உயர்த்தினார்கள். கூட்டத்துக்கு முன் நிற்கவேண்டாத வேலை. அவருக்கு ஏற்ற வேலையும் அதுதான்.

குழந்தைகளை ஊரைவிட்டு அனுப்பிய திட்டத்தில் அவர் பங்கு என்ன?

1938 கோடையில் அவர் தலைமையில் அமைந்த குழுதான் அடித்தளம் போட்டது. நாடு மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஆட்களை அனுப்பும் பகுதி, இடைப்பட்ட பகுதி, ஆட்களை ஏற்கும் பகுதி. போவது அவரவர் விருப்பம். ஆனால் ஏற்கும் பகுதியில் காலி அறை வைத்திருப்பவர் மறுக்க முடியாது. பள்ளிக் குழந்தைகள் ஆசிரியரோடு பள்ளியாகவே போவார்கள். அதைவிடச் சின்னக் குழந்தைகள் தாயோடு. வைத்துக்கொள்பவருக்கு வாரத்துக்கு ஒரு குழந்தைக்கு 10 ஷில்லிங் 6 பென்னி, ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்னி.

1939 செப்டம்பர் முதல் மூன்று நாள்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் ரயிலேறினார்கள். ரயில் ஏற்பாட்டில் குறைசொல்ல முடியாது. இறங்கும் இடத்தில்தான் குளறுபடி. லண்டன் நிலையங்களில் கூட்டத்தை விரைவாகக் கலைப்பதற்காக வந்தவர்களை வந்த ரயிலில் ஏற்றினார்கள். 200 பள்ளிச் சிறுவர்களுக்குத் தயாராக இருந்த ஊரில் கைக்குழந்தைத் தாய்மார்கள் இறங்கினார்கள். தாய்மார்களுக்குத் தங்க இடம் மட்டும், சமையலுக்கு ஏற்பாடில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் என்றால் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குண்டும் விழவில்லை. அக்டோபர் முடிவிலிருந்து பெற்றோரிடம் வாரம் 6 ஷில்லிங் பங்களிப்பும் கேட்டார்கள். 1940 ஜனவரிக்குள் சுமார் 9 லட்சம் பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

விசாரணையின்றிச் சிறைவைத்தது உண்மையா?

உண்மை. இரண்டு வகை.

வெளிநாட்டவர் முதல் வகை. போர் தொடங்கியதும் ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்கள் எல்லோரையும் தீர்ப்பாயங்கள் விசாரித்து ஏ, பி, சி என்று பிரித்தன. பெரும்பாலோர் சி, அதாவது ஆபத்தில்லாதவர்கள். இவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த யூதர்கள். ஆண்டர்சன் இவர்களை அடைக்க விரும்பவில்லை. 1940 மே மாதம் ஹாலந்தும் பெல்ஜியமும் விழுந்ததும் பத்திரிகைகளும் ராணுவமும் நெருக்கின, அவர் இறங்கிவந்தார். சுமார் 27,000 பேர் அடைக்கப்பட்டார்கள். ஜூலை 2 அன்று அவர்களில் சிலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எலினார் ராத்போன் போன்ற உறுப்பினர்கள் அவையில் விடாமல் கேள்வி கேட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே யார் யாரை விடுவிக்கலாம் என்ற பட்டியலுடன் வெள்ளை அறிக்கை வந்தது.

இரண்டாவது வகை பிரிட்டிஷ் குடிமக்கள். 18பி என்ற பாதுகாப்பு விதி. அமைச்சர் கையெழுத்திட்டால் போதும், வழக்கு வேண்டாம். அடைபட்டவர் ஓர் ஆலோசனைக் குழுவிடம் முறையிடலாம். வழக்கறிஞரை அழைத்துப்போக முடியாது. குழு சொன்னாலும் அமைச்சர் கேட்டாக வேண்டும் என்பதில்லை. 1940 மே 22 அன்று விதியை விரிவாக்கி, மறுநாளே பாசிசத் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியைப் பிடித்தார்கள். அந்தக் கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள்.

லிவர்சிட்ஜ் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் சொல்வார்களே, அது இவர் மேல்தானா?

ஆமாம், லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன். தன்னை அடைக்க அமைச்சருக்கு என்ன ஆதாரம் என்று கைதானவர் கேட்டார். விதியின்படி அமைச்சருக்கு ‘நம்புவதற்கு நியாயமான காரணம்’ இருக்க வேண்டும். அந்தக் காரணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாமா, அல்லது இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதுமா? 1941 நவம்பரில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 4க்கு 1 என்று அமைச்சர் நினைத்தாலே போதும் என்றது. தனியாக மறுத்தவர் அட்கின் பிரபு. இன்று எல்லோரும் படிப்பது அவருடைய மாறுபட்ட தீர்ப்பைத்தான்.

தெற்காசியாவுக்கும் இந்த வழக்கு வந்தது. இலங்கையில் போர்க்கால விதியின்கீழ் ஒரு ஜவுளி வியாபாரியின் உரிமத்தைக் கட்டுப்பாட்டு அதிகாரி ரத்துசெய்தார். அந்த நக்குடா அலி எதிர் ஜயரத்ன வழக்கில், லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், ‘நியாயமான காரணம்’ என்ற சொற்களுக்கு உண்மையான பொருள் உண்டு, லிவர்சிட்ஜ் தீர்ப்பைப் பொதுவிதியாக்கக் கூடாது என்றது. வியாபாரி தோற்றார், ஆனால் கோட்பாடு பிழைத்தது. இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலத்தில், விசாரணையின்றி அடைபட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற 1976இன் ஜபல்பூர் வழக்கில், லிவர்சிட்ஜ் மீண்டும் மேற்கோளானது. நீதிபதி கன்னா மட்டும் அட்கினைப் போலத் தனித்து நின்றார்.

லார்டு பிரசிடென்ட் குழு என்ன செய்தது?

போர்க்கால அமைச்சரவைக்குப் போகாமலே உள்நாட்டுப் பொருளாதாரச் சண்டைகளைத் தீர்த்துவைத்தது. அது சாதாரண வேலையல்ல. உணவு அமைச்சகம் கப்பலில் இடம் கேட்கும். வழங்கல் அமைச்சகம் அதே இடத்தில் எஃகு ஏற்றச் சொல்லும். ராணுவம் ஆள் கேட்கும். நிலக்கரிச் சுரங்கமும் அதே ஆளைக் கேட்கும். குழுவுக்கு லயனல் ராபின்ஸ், ஜேம்ஸ் மீட் போன்றவர்கள் இருந்த பொருளாதாரப் பிரிவு அறிக்கை தயாரிக்கும். அமைச்சகங்கள் ஆளுக்கொரு எண்ணோடு வந்து மோதுவதைத் தடுக்க 1941இல் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வந்தது. எல்லோரும் ஒரே எண்ணை வைத்துப் பேசத் தொடங்கினால் பாதிச் சண்டை அடங்கிவிடும். ஆண்டர்சன் கோப்பை முழுதாகப் படித்துவிட்டு வருவார், அதைப் படிக்காத அமைச்சர் அவரிடம் வாதாடிப் பயனில்லை.

முக்கியமான சாதனை ஆள்பலப் பட்ஜெட், 1942 டிசம்பரில். அதற்குள் பணம் பிரச்சினையாக இல்லை. அச்சடிக்கலாம், கடன் வாங்கலாம். ஆளை அச்சடிக்க முடியாது. ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுக்குக் கேட்கும் ஆட்களைக் கூட்டினார்கள். ஆணும் பெண்ணுமாகக் கிடைக்கக்கூடியவர்களை எர்னஸ்ட் பெவினின் தொழிலாளர் அமைச்சகம் கணக்கிட்டது. தேவை இருப்பைவிட மிக அதிகம். இடைவெளியைப் படைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெட்டாகப் பிரித்தார்கள். அதன்பின் எந்த ஆயுதத் திட்டமும் ‘எத்தனை பவுண்டு’ என்பதைவிட ‘எத்தனை பேர்’ என்ற கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

எல்லாம் ஜெயிக்கவில்லை. 1942இல் வீட்டு நிலக்கரிக்குப் பங்கீடு கொண்டுவரும் திட்டம் கன்சர்வேட்டிவ் பின்வரிசையின் (அமைச்சர் பதவியில் இல்லாத உறுப்பினர்களின்) எதிர்ப்பில் விழுந்தது.

சம்பளத்திலேயே வரி பிடிப்பது அவர் காலத்தில் வந்ததா?

1944 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது; அப்போது நிதியமைச்சர் அவர். திட்டம் அவருக்கு முன்பிருந்த கிங்ஸ்லி வுட் காலத்தது. அதை அறிவிக்க இருந்த நாளிலேயே வுட் இறந்துபோனார்.

போருக்கு முன் வருமான வரி வசதியானவர் விஷயம். போரில் வரிவிலக்கு வரம்பு குறைந்து, கூலியும் உயர்ந்து, ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தார்கள். பழைய முறையில் ஓர் அரையாண்டுச் சம்பளத்துக்கான வரியை அடுத்த அரையாண்டில் பிடித்தார்கள். மிகைநேரம் செய்து சம்பாதித்தபோது வரி குறைவு. வேலை குறைந்தபோது பழைய சம்பாத்தியத்தின் வரி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் அவருடைய விலக்குகளுக்கேற்ப ஒரு குறியீட்டு எண். முதலாளியிடம் அச்சிட்ட அட்டவணைகள். வாரா வாரம் ஏப்ரல் 6 முதல் இன்றுவரை வாங்கிய மொத்தச் சம்பளம், இன்றுவரை வரியில்லாத தொகை, மீதிக்கு வரவேண்டிய வரி, அதில் ஏற்கெனவே பிடித்தது போக மிச்சம் என்று கணக்கு. சம்பளம் குறைந்த வாரத்தில் வரி திரும்பியும் வரும். நம்மூர் டிடிஎஸ்ஸில் ஆண்டு முடிவில் கணக்கு முடித்துத் திரும்பப் பெறுவதற்குப் பதில் அங்கே வாரத்துக்கு வாரம் கணக்கு நேராகிவிடும். இதை வகுத்த பால் சேம்பர்ஸ் 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராக இருந்தவர்.

பெவரிட்ஜ் அறிக்கையை அவர் எதிர்த்தாரா?

எதிர்க்கவில்லை, அவருக்கே உரிய வகையில் ஆறப்போட்டார். 1943 பிப்ரவரி 16 அன்று சமூகப் பாதுகாப்பு பற்றிய அந்த அறிக்கை மீதான விவாதத்தில் அரசுத் தரப்பில் முதலில் பேசியவர் அவர். பெரும்பாலான கொள்கைகளை ஏற்பதாகவும் செலவுக்கு இப்போது உறுதி தர முடியாதென்றும் சொன்னார். எண்ணிப்பார்த்தால் அரசு ஏற்றதே அதிகம். ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது மறுப்புதான். தொழிற்கட்சிப் பின்வரிசை தன் அமைச்சர்களுக்கே எதிராக ஓட்டுப் போட்டது. நல்ல செய்தியைக் கெட்ட செய்திபோலச் சொல்வதில் அவருக்கு நிகர் யாருமில்லை.

வங்காளத்தில் அவர் எப்படி?

கடுமையாக. புரட்சியாளர்களை விசாரணையின்றி அடைப்பது அங்கே அன்றாட நடைமுறை. 1934 மே மாதம் டார்ஜிலிங் அருகே லேபாங் குதிரைப்பந்தயத் திடலில் அவரைச் சுட முயன்றார்கள், காயமின்றித் தப்பினார். இன்னொரு பக்கம், விவசாயிகளின் கடனைத் தீர்த்துவைக்க வாரியங்கள் அமைக்கும் சட்டம் அவர் காலத்தில் வந்தது. வங்காளத்தில் தயங்காமல் செய்ததை லண்டனில் ஆங்கிலேயர்களுக்குச் செய்ய அவர் தயங்கினார் என்பதைக் கவனிக்காமல் போக முடியாது.

1943 பஞ்சத்தின்போது போர்க்கால அமைச்சரவையில் வங்காளத்தை ஆண்ட அனுபவம் உள்ளவர் அவர். பிரிட்டனின் இறக்குமதியைக் காப்பாற்ற அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடல் கப்பல் பயணங்களைச் சர்ச்சில் வெட்டினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தியா கேட்ட 5 லட்சம் டன் தானியத்தை அமைச்சரவை தரவில்லை. பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு. உள்நாட்டில் யாரும் பட்டினி கிடக்காத பங்கீட்டை நடத்திய அதே அமைச்சரவை இது. அதன் கூட்டுப்பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு.

சர்ச்சிலுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இவர்தான் பிரதமரா?

கிட்டத்தட்ட. 1945 ஜனவரியில் யால்டா மாநாட்டுக்குக் கிளம்புமுன் சர்ச்சில் மன்னருக்கு எழுதினார்: தானும் வெளியுறவு அமைச்சர் ஈடனும் பயணத்தில் இறந்தால் ஆண்டர்சனை அழைக்கலாம் என்று. கட்சியில்லாதவர், போர்க்காலக் கூட்டணி அரசை உடையாமல் வைத்திருப்பார் என்பது காரணம்.

போருக்குப் பின்?

1945இல் அரசு தோற்றதும் எதிர்க்கட்சி முன்வரிசையில் உட்கார்ந்தார். லண்டன் துறைமுக ஆணையத்துக்கும் கோவென்ட் கார்டன் இசையரங்குக்கும் தலைவராக இருந்தார். பல்கலைக்கழகத் தொகுதிகளை அட்லி அரசு ஒழித்தது. 1950 தேர்தலோடு அவருடைய இடம் மறைந்தது. சாதாரணத் தொகுதியில் நிற்க அவர் விரும்பவில்லை. 1952இல் வேவர்லி பிரபுவானார். 1958 ஜனவரி 4 அன்று காலமானார்.